சுட்ட மண்ணும் அண்ணன் சொன்ன பொய்யும்

என் அண்ணி மண்ணைச் சுடுகிறவள். தொழிற்சாலையில் அவளுக்கு நெருப்புக்கோழி என்று பேர். பத்தொன்பது வருடம் உலைக்குப் பக்கத்தில் நின்றால் வேறு என்ன பேர் வைப்பார்கள்? நாங்கள் செய்வது பாலியூரித்தேன் பசை. குளிர்பதன அறைகளின் கதவுப் பலகைகளை ஒட்டுவதற்கு. அந்தப் பசையில் வெள்ளைக் களிமண் பொடியைக் கலந்தால்தான் கெட்டியும் பிடிப்பும் வரும்.

பச்சை மண்ணை அப்படியே கலந்தால் போச்சு. தொட்டால் காய்ந்த மாவுபோல இருக்கும், ஆனால் உள்ளுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும். அந்தப் பசைக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. இரண்டும் சேர்ந்தால் வாயு கிளம்பி, பசை நுரைத்து, பிடிப்பு போய்விடும். அதனால் அண்ணி மண்ணை அறுநூற்றைம்பது டிகிரியில் மூன்று மணி நேரம் சுடுவாள். நூறு கிலோ உள்ளே போனால் எண்பத்தாறு கிலோதான் வெளியே வரும். ஆறியதும் டிரம்மில் அடைத்து, இறுக மூடி, கலவை அறைக்கு அனுப்புவாள். கலவை அறை என் அண்ணன் பொறுப்பு. அவளைக் கட்டிய மகராசன். நான் சோதனைக்கூடத்தில் தராசு பார்க்கிறேன்.

போன மழைக்காலத்தில் நாற்பது கதவுகள் பலகை பிரிந்து திரும்பி வந்தன. பிரிந்த இடமெல்லாம் பசை ரொட்டிபோலப் பொத்தல் பொத்தலாக இருந்தது. மேலாளர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். அண்ணன் முந்திக்கொண்டான்.

"மண்ணு சரியா வேகல சார். உலையிலேருந்து சீக்கிரம் எடுத்திருக்காங்க."

எடுத்திருக்காங்களாம்! என் பெண்டாட்டி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அண்ணிக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று காலையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததே அவள்தான். அப்போதுகூட இப்படிச் சொல்லப்போவதாக அவன் மூச்சு விடவில்லை.

"அப்படின்னா நாளையிலேருந்து உலைக்கு வேற ஆளு," என்றார் மேலாளர்.

"சோதிச்சுப் பாத்துட்டு ஆளை மாத்துங்க சார்," என்றாள் அண்ணி.

அந்தக் கதவுகளின் பசைக்கு மண் எடுத்த டிரம்மில் மீதி இருந்ததில் நூறு கிராம் எடுத்தோம். முதலில் சின்ன அடுப்பில், தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்குச் சற்று மேலே உலர்த்தினோம். மேலாக ஒட்டிய ஈரம் மட்டும் போகிற சூடு அது. தராசு தொண்ணூற்றேழு காட்டியது. பிறகு அதையே அண்ணி உலையில் மூன்று மணி நேரம் வைத்தாள். பச்சை மண்ணாக இருந்தால் இன்னும் பதின்மூன்று கிராமாவது குறைய வேண்டும். மறுபடி நிறுத்தேன். தொண்ணூற்றேழு, அப்படியே நின்றது.

"மண்ணு நல்லா வெந்திருக்கு சார்," என்றேன். கூடப் பிறந்தவன் என்று பார்க்கவில்லை. "ஈரம் அப்புறம் காத்துலேருந்து ஏறியிருக்கு. கலவை அறையில டிரம் மூடாம கெடந்திருக்கு."

மேலாளர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"மழை அன்னிக்கு மூட மறந்துட்டேன்," என்று முனகினான். பிறகு அண்ணியைப் பார்த்து, என்னவோ அவளுக்கு நல்லது செய்தவன் மாதிரி விளக்கம் வேறு சொன்னான். "எனக்கு ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை இருக்கு. நீ நல்ல பேர் எடுத்தவ. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவனை அறைய வேண்டும்போல எனக்குக் கை பரபரத்தது. அண்ணி கையுறையை நிதானமாகக் கழற்றினாள்.

"உலைக்கு வேற ஆளுன்னு சார் சொன்னப்போ என் பக்கத்துலதானே நின்னீங்க?" என்று கேட்டாள். "அப்பவும் வாயைத் தொறக்கலையே?"