விளம்பப் போன சிநேகிதன்

இடுப்பில் ஒரு துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டதற்காக நெஞ்சை நிமிர்த்தி நடந்த மடையன் நாஞ்சில் நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாம்பார்க் கறை ஏறிய அந்தத் துவர்த்து இன்றும் கொடியில் கிடக்கிறது. தலை துவட்ட லாயக்கில்லை; தூர எறியவும் கை வரவில்லை.

வக்கீலும் நானும் சாயங்காலந்தோறும் குளத்தங்கரையில் சேர்ந்து நடப்போம். பேசுவது நான், சிரிப்பது அவர். அதற்குச் சிநேகிதம் என்று நானாகப் பெயர் வைத்திருந்தேன். தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு முன்னால், "பந்தியில நீரு நிண்ணு விளம்பணும் வே" என்றார். எங்கள் பக்கத்தில் பந்தி விளம்புகிறவன், அதாவது பரிமாறுகிறவன், விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். கடைசிப் பந்தியில் கல்யாண வீட்டுக்காரரும் அவனோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்தப் பெருமையில்தான் புதுத் துவர்த்து வாங்க ஓடினேன். அதை விற்ற ஜவுளிக்கடை அண்ணாச்சி என் அடுத்த வீட்டுக்காரர். நடுவேலி முருங்கை யாருக்கு என்று எங்களுக்குள் தீராத சண்டை. அவரையும் விளம்பக் கூப்பிட்டிருந்தார்கள். "ரொம்பத் துள்ளாதேயும். கடைசிப் பந்தியில பாப்போம்" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தி பந்தியாக வாளி தூக்கியதில் தோள் கழன்றுவிட்டது. கடைசியில் இலை போட்டு உட்கார்ந்தோம். பக்கத்து இலையை வக்கீலுக்காகக் காலியாக விட்டிருந்தேன். வந்தார், வெற்றிலை மென்றுகொண்டு. தாசில்தாரோடு முதல் பந்தியிலேயே சாப்பாடு முடிந்திருந்தது. "எந்திரியும் வே, தாசில்தார் பொறப்படப் போறாரு. அந்தக் கோழி திருடின கதையச் சொல்லும்" என்றார்.

பசியோடு எழுந்து போனேன். சொன்னேன். கோழியாகக் கூவியும் காட்டினேன்! தாசில்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம ஆளுதான்" என்றார் வக்கீல், தன் வண்டிக்காளையைக் காட்டும் அதே குரலில். திரும்பி வந்தபோது பந்தி எழுந்துவிட்டது. அண்ணாச்சி மட்டும் தன் இலையைத் தொடாமல், என் இலைக்கு வந்த காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார்.

"கூவி முடிஞ்சுதா? இரியும். எனக்குப் பசிக்கி."

முருங்கைச் சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் சண்டைக்காரனுக்கு என் இலை நினைவிருந்தது. சாயங்காலந்தோறும் கூடச் சிரித்தவனுக்கு என் வாய் மட்டும்தான் நினைவிருந்தது. இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். வக்கீல் மேல் பாதிக் கோபம். மீதி, அன்றைக்குக் கேட்பதற்கு முன்பே கூவிய இந்தத் தொண்டையின் மேல்.

நேற்று வக்கீல் வந்தார். இளைய மகளுக்குக் கல்யாணமாம். "நீரு இல்லாட்டா பந்தி களை கட்டாது வே."

கொடியில் கிடந்த துவர்த்தைக் காட்டினேன். "கடைசிப் பந்தியில ஒமக்குப் போட்ட இலை அண்ணைக்குக் காலியாக் கெடந்துது. அதுக்குப் பொறவு இதை நான் கட்டல்ல" என்றேன்.

அவர் துவர்த்தைப் பார்த்தார்.

"புதுசு ஒண்ணு வாங்கித் தாரேன்."