கேட்டிருக்க வேண்டாத அனுமதி

ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகளை எண்ண வேண்டும். எண்ணி முடித்த பிறகு அந்த ஓவியத்துக்கு உரிமையாளர் கிடையாது. யாரும் அச்சடிக்கலாம், விற்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டம் இவ்வளவு தெளிவாகப் பேசும் இடங்கள் குறைவு. அதனாலேயே ஒருவரும் நம்புவதில்லை.

அரசு ஆவணப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பின், புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு உரிமம், பதிவு போன்ற காரியங்களில் வழி சொல்லி வருகிறேன். அங்கே ஒரு நாள் கலைவாணி வந்தார். நெல்லித்தோப்பில் வீட்டு மாடியில் துணிப்பைகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர். கடற்கரைப் பக்கம் பரிசுப்பொருள் கடை நடத்தும், ஊரே பிரெஞ்சு வழக்கில் மதாம் என்று அழைக்கும் அம்மா ஒருவர், பழைய புதுச்சேரித் துறைமுகப் படம் போட்ட பைகளை அவரிடம் கேட்டிருந்தார். ஆயுத பூஜை விடுமுறைக் கூட்டத்துக்கு முன் பைகள் கடைக்கு வந்தாக வேண்டும். படத்தைப் பயன்படுத்த உரிமை உண்டு என்பதற்கு ஆதாரமும் வேண்டும்.

"பர்மிஷன் கேட்டு ஆடியிலயே எழுதிட்டேன் சார். ஃபைல் மேல போயிருக்குதாம். இந்த ஆர்டர் போச்சுன்னா மறுபடியும் அடுத்தவங்க பிரஸ்ஸுக்குத்தான் வேலைக்குப் போணும்."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"அந்தப் படம் இருக்கிற பிரெஞ்சு புஸ்தகத்த வச்சிருக்கிற கவர்மெண்ட் லைப்ரரியோட ஆபீஸ்ல."

"புஸ்தகம் அவங்களோடது. படம் யாரோடதும் இல்லம்மா. கேக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. கேக்காம செஞ்சா தப்பில்லயா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரன் முத்திரையும் பின்னால் வந்த ரப்பர் ஸ்டாம்பும் சேர்ந்து வளர்த்த ஊர் இது. சீல் இல்லாத உரிமையை இங்கே உரிமையாகவே மதிப்பதில்லை. அந்த ஃபைலின் கதியும் எனக்குத் தெரியும். அனுமதிக்க விதி இல்லை, மறுக்கவும் விதி இல்லை. அப்படிப்பட்ட ஃபைல், மேலதிகாரியின் ஆணைக்கு என்று எழுதப்பட்டு மேசை மேசையாக ஊர் சுற்றும்.

கைபேசியில் படத்தைக் காட்டினார். கடல் பளிச்சென்று நீலமாக இருந்தது.

"இந்த நீலம் யாரு அடிச்சது?"

"நெட்லயே அப்படித்தான் சார் இருந்துச்சு."

பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் ஒரு டிசைனரின் பெயர்.

"வரைஞ்சவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. கலர் போட்டவர் நல்லா உயிரோட இருக்காரு. அவர் கலர் நமக்கு வேணாம்."

"ரொம்ப நல்லது. ஒரே கலர்னா ஒரே ஸ்கிரீன்ல வேலைய முடிச்சிடுவேன்."

மறுநாள் இருவரும் அதே நூலகத்துக்கு வாசகர்களாகப் போனோம். வாசகர்கள் படமெடுத்துக்கொள்ளலாம் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். மூல அச்சுப்படத்தையும் புத்தகத்தின் முகப்புப் பக்கத்தையும் படமெடுத்தோம். ஓவியர் இறந்த ஆண்டை இரண்டு வெவ்வேறு நூல்களில் சரிபார்த்தேன். ஒரே நூலை நம்புவது என் பழக்கமில்லை. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

கலைவாணியோடு கடைக்குப் போனேன். மதாம் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"முசியே, இதுல சீல் எங்க?"

"சொந்தக்காரரே இல்லாத படத்துக்கு யாரு மதாம் சீல் குத்துவாங்க?"

"நாளைக்கு யாருனா வந்து சண்ட போட்டா?"

"கீழ என் போன் நம்பர் இருக்கு. என்கிட்ட அனுப்புங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து சண்டைக்கு ஆளே கிடைக்கல."

சிரித்துவிட்டார். "அடிச்சுடும்மா. ஆனா கருப்புல வேணாம், கருநீலத்துல அடி."

ஆயுத பூஜைக்கு முன்பே பைகள் கடைக்குப் போயின. விடுமுறை முடிவதற்குள் மதாம் இரண்டாவது ஆர்டரும் கொடுத்தார். கலைவாணி இன்னும் தன் மாடியில்தான் அச்சடிக்கிறார்.

தொழில் தொடங்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தேவையில்லாத இடத்தில் அனுமதி கேட்காதீர்கள். கேட்டால், இல்லாத ஓர் அதிகாரத்தை நீங்களே உண்டாக்கி எதிராளியின் கையில் கொடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் ஓவியர் இறந்த ஆண்டைத் தேடுங்கள்.

கலைவாணியின் விண்ணப்பத்துக்கு மின்னஞ்சலில் பதிலும் வந்தது. மேற்படி படத்துக்கு அனுமதி வழங்கவோ மறுக்கவோ தங்களுக்கு அதிகாரமில்லை என்று அந்த அலுவலகம் தெரிவித்திருந்தது. பதில் வந்த நாள் நவம்பர் ஒன்று: புதுச்சேரி விடுதலை நாள், அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை.