முதலில் வந்தவை பூனைகள்

இன்று டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சண்டை.

தொலைக்காட்சியில் பழைய கார்ட்டூன். ஒரு நெட்டைப் பூனை, ஒரு குண்டுப் பூனை.

"அந்தக் காலத்துப் பகிடி நடிகர் ரெண்டு பேரைப் பார்த்துக் கீறின படம்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

எண்பத்தாறு வயது யென்ஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "பிழை. அவங்கள்தான் பூனையளைப் பார்த்து நடிச்சவங்கள்."

யுத்தத்தில் ஜெர்மன்காரர் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது அமெரிக்கப் படங்களுக்குத் தடையாம். யுத்தம் முடிந்த கோடையில், ஆறு வயதில், அவர் தியேட்டரில் முதலில் பார்த்தது இந்தப் பூனைகளைத்தானாம். அந்த நகைச்சுவை நடிகர்களின் படம் ஊருக்கு வந்தது அதற்குப் பிறகுதானாம். நான் ஒப்புக்கொள்ளும்வரை கஞ்சியைத் தொடமாட்டாராம்.

கூட வேலை செய்யும் சாந்தி அக்காவை உதவிக்குக் கூப்பிட்டேன். அக்கா கதையைக் கேட்டு யென்ஸுக்குத் தலையாட்டிவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னார்:

"அவர் சொல்லுறது சரியடி. ஊரில சண்டை நடக்கேக்க எங்களுக்கு எங்க கறண்ட் இருந்தது, படம் பார்க்க? நானும் இஞ்ச வந்து பூனையளைத்தான் முதல் கண்டனான்."

யென்ஸ் எங்களை மேலும் கீழும் பார்த்தார். நெட்டை அக்கா, குண்டு நான்.

"பாருங்கோ, நீங்களும் அதுகளைத்தானே கொப்பியடிச்சிருக்கிறியள்!"

கஞ்சி ஒரு நிமிடத்தில் முடிந்தது.

உங்கள் தீர்ப்பைக் கீழே எழுதுங்கள். பூனைகளுக்கு எதிராக எழுதுகிறவர்கள் நாளை காலை ஏழு மணிக்கு வந்து அவருக்குக் கஞ்சியை வாயில் தீத்த வேண்டும்.