வளையம் ரெடி, மசோதா ரெடியில்லை

போன வாரம் பெங்களூர் அடுகோடியில் ஆரோக்கியராஜின் லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். மர்பி டவுனில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். இருபது வருடப் பழக்கம்... இன்னும் அவருக்கு நான் 'சார்' தான்.

உள்ளே ஏழு மரப்பெட்டிகள். திறந்து காட்டினார். எஃகு வளையங்கள், கண்ணாடி மாதிரி பளபளத்தன. கடலில் தத்தளிப்பவர்களைத் தூக்கப் போகும் ஹெலிகாப்டருக்கான உதிரிபாகங்கள்; இவை இல்லாமல் அது பறக்காது. வாங்குவது நமக்கு நட்பு நாடு ஒன்றின் கடற்படை.

"இன்னும் அனுப்பலையா?"

"ரெடியாயி நாலு மாசம் ஆச்சு சார். அவங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து முத்திரை குத்தணும். அப்பதான் கப்பல்ல ஏத்தலாம். ஆளையே காணோம்... பேஜார்!"

ஏன் காணோம்? அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் ராணுவச் செலவு மசோதா நிறைவேறவில்லை. பணம் நின்றதும் இன்ஸ்பெக்டரை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இரண்டு கட்சிக்குமே ராணுவம் வேண்டுமாம். சட்டையில் கொடியைக் குத்திக்கொள்ளாமல் ஒருவரும் மைக் முன்னால் வருவதில்லை. ஆனால் மசோதாவின் வாலில் ஒருவர் தன் தொகுதிக் கோரிக்கையைக் கட்டுவார், இன்னொருவர் அவிழ்ப்பார். அந்த விளையாட்டு முடியும்வரை எதிரி காத்திருப்பான் என்று யார் சொன்னது?

(நாம் மட்டும் என்ன ஒழுங்கு? இங்கே கூச்சலுக்கு நடுவே, ஒரு கேள்விகூட இல்லாமல் ராணுவச் செலவு நிறைவேறுவது உண்டு. அதற்குப் பெயர் வேகம்!)

அந்த ஹெலிகாப்டர்கள் நிற்கும் விமானதளத்தில் எலேன் என்றொரு பராமரிப்பு இன்ஜினியர். ஆரோக்கியராஜோடு அடிக்கடி போனில் பேசுவாராம்.

"அவங்ககிட்ட மூணே ஹெலிகாப்டர் சார். ஒண்ணப் பிரிச்சு இன்னொண்ணுக்கு மாட்டினாங்களாம். போன மாசம் மீன்பிடி படகு ஒண்ணு கவுந்துச்சு. இவங்க வண்டி பறக்கல. பக்கத்து நாட்டுக்காரன் ஹெலிகாப்டர் வந்து சேர லேட்டு. ஆறு பேர்ல ரெண்டு பேர் போயிட்டாங்க. அந்தம்மா போன்லயே அழுதுட்டாங்க."

அந்த வாரம் சபையில் என்ன விவாதம் தெரியுமா? முதலில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று!

நம் கடற்படையோடு நடக்கவிருந்த கூட்டுப் பயிற்சியையும் அவர்களே ரத்து செய்தார்கள். அறிக்கையில் மட்டும், 'எங்கள் நட்பு அசைக்க முடியாதது.' வாஸ்தவம்தான். ஹெலிகாப்டரும் அசையவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஆரோக்கியராஜுக்கு மெயில் வந்தது. மசோதா நிறைவேறிவிட்டது! இன்ஸ்பெக்டர் வருகிறார். கூடவே இரண்டு மடங்கு புது ஆர்டர்... மிக மிக அவசரமாம். என் போனில் செய்தி பார்த்தேன். இரண்டு கட்சித் தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெற்றி யாருக்கு? இருவருக்கும்தானாம்.

ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை. ஒரு விரலால் பதில் தட்டினார். ஏழு பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். புது ஆர்டர் முடியாது.

"என்ன ராஜ், இவ்வளவு பெரிய ஆர்டரை விடறீங்க?"

"இந்த வளையத்தைப் பிசகில்லாம கடையறது நம்ம பட்டறை ஜெயந்தி ஒருத்திதான் சார். மெஷின் சும்மா நின்னுச்சு, ஓசூர்ல வேலைக்குப் போயிட்டா. வேற ஆளப் பழக்க ஆறு மாசம் ஆவும். அதுக்குள்ள இவங்க திரும்ப சண்டை போட்டா?"

அதற்குப் பதில் அந்த நாட்டுப் பிரதமருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"இப்ப இங்க ஒரு ஜிம்முக்கு வெயிட் பிளேட் பண்றேன். போன மாசம் கேட்டான், இந்த மாசம் எடுத்துட்டுப் போறான். கொடுத்து வெச்சவன் சார்... அவனுக்கு நாடாளுமன்றமே கிடையாது!"