வெள்ளிக்கிழமை தோய்த்த கொசுவலை

ஆறுமுகப் பெருமானே, அறியாது செய்த பிழையையும் பொறுத்து ஆட்கொள்பவனே, உன் திருவடியே துணை. வைகாசி விசாகமாகிய இந்நன்னாளில், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் அமர்ந்து இதனை எழுதுகிறேன்.

என் மகள் கடல் கடந்த சபா மாநிலத்தின் உட்பகுதியில், காட்டை ஒட்டிய பள்ளியில் ஆசிரியை. மலேரியா உள்ள இடமாதலால், பூச்சிமருந்து ஏற்றிய கொசுவலை ஒன்றை அங்குள்ள சுகாதாரப் பணியாளர்கள் கொடுத்திருந்தார்கள். விடுமுறைதோறும் அழுக்குத் துணிகளோடு அதையும் கொண்டுவருவாள். உறங்குமிடம் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பது என் நியமம். அவள் இங்கிருக்கும் வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் வலையைச் சலவைத்தூளில் ஊறவைத்துக் கசக்கி, உச்சிவெயிலில் உலர்த்துவேன். ஒரு தோய்ப்புக்கு ஒரு பதிகம், வரிசைப்படி பாடுவேன். ஓரத்தில் தைத்திருந்த, துவைக்கும் முறை அச்சிட்ட குறிப்புத் துணியை, அழகில்லை என்று வெட்டியவனும் நானே.

சென்ற ஆண்டிறுதியில் அவள் ஐந்து மாதக் கருவோடு வந்தாள். கருவுற்றவளை மலேரியா பற்றினால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. பரிசோதனைக்குச் சென்ற கிளினிக்கில், வலையை எவ்வளவு சுத்தமாகப் பேணுகிறேன் என்று தாதியிடம் பெருமையாகச் சொன்னேன். எத்தனை முறை தோய்த்தீர்கள் என்று கேட்டார். முந்தைய நாள் பாடியது இருபத்து மூன்றாம் பதிகம். அதையே விடையாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினாலே, ஏறத்தாழ இருபது தோய்ப்பு, மூன்றாண்டு வரைதான் அவ்வகை வலை தாங்குமாம். சலவைத்தூளும் வெயிலும் அதற்கு முன்பே மருந்தைக் கொன்றுவிடும்.

"வலை இருக்கும் ஐயா. மருந்துதான் இருக்காது."

வீடு திரும்பும் வழியில் என் மனைவி சொன்னாள்: "கொசுவுக்கு ஏதுங்க தீட்டு? இனிமே பாட்ட மட்டும் பாடுங்க. வலைய விட்டுருங்க லா."

மகள் அன்றே சபா சுகாதாரப் பணியாளர்களுடன் தொலைபேசியில் பேசினாள். புதிய வலை தருவதாகச் சொன்னார்கள். திரும்பிச் சென்றதும் அதை ஒருநாள் நிழலில் காற்றாடவிட்டு, பிறகே கட்டினாள். அந்திப்பொழுதில் கைகால் மூடிய உடையும் அணிந்தாள். இருபத்து நான்காம் பதிகத்தை நான் கை நனையாமல் பாடினேன்.

காய்ச்சல் எதுவும் காணாமல் அவள் பிரசவத்துக்கு வீடு வந்தாள். இதோ, என் பேத்தி தொட்டிலில் உறங்குகிறாள். அவள் தாயோடு வந்த அந்தப் புதிய வலை மடித்தபடி அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கை துறுதுறுக்கிறது. அலமாரிச் சாவியோ மனைவியின் இடுப்பில்.

இதனை வாசிப்போர் இல்லந்தோறும் நோயற்ற துயிலும், இனிய விடியலும் வாய்க்க அப்பெருமான் அருள்க.