பட்டாளத்துக்குப் போனது பெண்தான்

அட்டன் சினிமாக் கொட்டகையில், பெண்கள் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன். நல்லதண்ணி ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே போகக் கடைசி பஸ் நாலு மணிக்கு. விட்டால் தங்க இடமில்லை. திரையில் சீனத்துப் பெண் ஒருத்தி அப்பாவுக்குப் பதிலாக ஆண் உடையில் பட்டாளத்துக்குப் போகிறாள். பேச்சு விளங்கவில்லை, வாள் வீச்சு விளங்குகிறது.

"அந்தப் பொண்ணா நடிக்கிறது ஆம்பளைதாங்க அக்கா," என்கிறாள் பக்கத்தில் இருப்பவள். "நம்ம காமன் கூத்துல ஆம்பளைதானே ரதி வேசம் கட்டுறாங்க? பொம்பளைய யாரு ஆட விடுவாங்க?"

எனக்குப் புது ஆட்களிடம் பேச வாய் வராது. ஆனால் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"இல்லைங்க. எங்க வீட்டுக்காரரு பதினோரு வருசம் ரதி கட்டுனாரு. வருசா வருசம் சேலையை மிதிச்சு விழுந்தாரு. இந்தப் புள்ள மொதல்ல பாவாடையோட படியேறிச்சே, ஒருதரமாவது மிதிச்சிச்சா?"

"தலைமுடி அவுந்தா தெரிஞ்சிரும்!" என்கிறாள் அவள்.

மணி நாலாகப் போகிறது. மனமில்லாமல் எழுகிறேன்.

"மறைக்குது பாட்டி, உக்காருங்க!" என்கிறார் பின்னால் ஒரு காக்கிச் சட்டை.

"நல்லதண்ணி பஸ்ஸு போயிருங்க தம்பி..."

"அதுக்கு நாந்தான் கண்டக்டர். டிரைவரும் இந்தா இருக்காரு. ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாம பஸ் நகராது."

அம்பு பட்டுத் தலைக்கவசம் பறக்கிறது. இடுப்புவரை கூந்தல் விழுகிறது. கொட்டகையே கத்துகிறது.

"சவுரிமுடி," என்கிறாள் பக்கத்தவள். "நானும் நல்லதண்ணிதான். வாங்க, பஸ்ஸுல பேசிக்குவோம்."

பஸ் மஸ்கெலியா தாண்டிவிட்டது. நான் இன்னும் வாயை மூடவில்லை.