மீசைக்குக் கட்டிய துணி

சித்தப்பா இருமிக்கொண்டே கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் எனக்கு அது பளிச்சென்று பட்டது. இருமலை அவர் பொருட்படுத்தவே இல்லை. மீசையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைத்தான் ஒவ்வொரு இழையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். நான் ஆறாம் வகுப்பு. தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று சுகாதாரப் பாடத்தில் படித்த நாளிலிருந்து அவரை மூக்கில் துணி கட்டவைக்கத் துடித்தேன். நுரையீரல் படம்கூட வரைந்து காட்டினேன். "பாவக்காய நல்லாத்தான் வரைஞ்சிருக்கறே" என்றார். கஷாயத்தோடு வந்து அம்மா சொன்னதற்கும், "தறி ஓட்டுனா இருமத்தானுங்க அண்ணி வேணும்" என்றுதான் பதில்.

அன்று நுரையீரலை விட்டுவிட்டேன்.

"ஏனுங்க சித்தப்பா, மீசை நரைச்சுப்போச்சுங்களா?"

கண்ணாடிக்கு இன்னும் பக்கத்தில் போனார். "பஞ்சு, அம்மணி."

"எனக்குத் தெரியுதுங்க. பாக்கறவங்களுக்குத் தெரியுமுங்களா? நாப்பது வயசுன்னு நெனச்சுப்போட்டா?"

மறுநாளே அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வேலைக்குப் போனார். சில நாட்களில் இருமலும் குறைந்தது. வகுப்பில் பாதிப்பேரிடம் இதைச் சொல்லிவிட்டு, அடுத்து யாரைத் திருத்தலாம் என்று தெருவில் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் சித்தப்பா துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"தறி ஓடறப்பப் பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காது கண்ணு. வாயசைவைப் பாத்துத்தான் பேசிக்குவோம். வாயை மூடிட்டா நான் அங்க ஊமைதான்."

"வூட்டுக்கு வந்து பேசிக்கலாமுங்களே."

"வூட்ல பேசற பேச்சா அது?" என்றவர், யாரும் கேட்காமலே தொடர்ந்தார். "எதுத்தாப்பல நூல் சுத்தற புள்ள இந்தப் பக்கமே திரும்பறதில்ல. நான் கோவமா இருக்கறேன்னு நெனச்சுப்போட்டா போல."

சொல்லிவிட்டு இருமினார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று விளங்கவில்லை.

எனக்கு விஷயம் சுலபமாகவே தோன்றியது. ஒருவர் மட்டும் கட்டியதுதான் தவறு. அந்த அக்காவும் அதே தூசியைத்தானே சுவாசிக்கிறாள்? சேலை இன்னும் மிச்சமிருந்தது. அவளுக்கும் ஒன்று கிழித்து, பள்ளிக்கூடம் விட்டதும் நானே கொண்டுபோய்க் கட்டிவிடுவதென்று முடிவு செய்தேன். எதைச் சொன்னால் அவள் இணங்குவாள் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. அவளுக்கு என்னவெல்லாம் பிடிக்கும் என்று சித்தப்பாவிடமே கேட்டேன்.

அவருக்கு நிறையவே தெரிந்திருந்தது.